ஹெல்ம் சார்ட்டில் சிஆர்டி தரும் சிக்கல்கள்: அறிகுறி வாரியாகப் பிழை நீக்கும் வழிமுறை

கன்டெய்னர்களை இயக்கும் குபர்னெட்டிஸ் கிளஸ்டருக்காக, ஒரு மென்பொருளைத் தானாகப் பராமரிக்கும் ஆபரேட்டர் என்ற நிரலை, ஹெல்ம் என்னும் நிறுவல் கருவிக்கான தொகுப்பாக, அதாவது சார்ட்டாகக் கட்டித் தருபவர்களுக்கு மற்ற யாமல் அமைப்புக் கோப்புகள் அனைத்தும் எதிர்பார்த்தபடி நடந்துகொண்டாலும், புதியதொரு வள வகையைக் கிளஸ்டருக்கு அறிமுகப்படுத்தும் தனிப்பயன் வள வரையறை எனப்படும் சிஆர்டி மட்டும் வேறு விதிகளுக்குக் கட்டுப்பட்டு நிற்கும். டிப்ளாய்மென்ட், சர்வீஸ் போன்றவை ஒரு நேம்ஸ்பேஸுக்குள் (கிளஸ்டரின் ஒரு பிரிவுக்குள்), ஒரு ரிலீஸுக்கு (சார்ட்டின் ஒரு நிறுவலுக்கு) உரியவையாக இருக்கின்றன. சிஆர்டியோ கிளஸ்டர் முழுமைக்கும் பொதுவானது. அதே வரையறையை நம்பிப் பத்து நேம்ஸ்பேஸ்களில் பத்துக் குழுக்கள் தங்கள் தனிப்பயன் வளங்களை வைத்திருக்கலாம். வரையறையை நீக்கினால் அந்த வகையைச் சேர்ந்த அத்தனை வளங்களும் அதனுடன் சேர்ந்து அழிந்துவிடும்.

இந்த ஆபத்தை முன்னிட்டே, 2019 நவம்பரில் வெளிவந்த ஹெல்ம் 3, முந்தைய பதிப்பிலிருந்த சிஆர்டி-இன்ஸ்டால் என்னும் ஹூக்கை, அதாவது குறித்த கட்டத்தில் ஓடும் படியைக் கைவிட்டு, சார்ட்டுக்குள் சிஆர்டிஸ் என்ற தனிக் கோப்புறையைக் கொண்டுவந்தது. அந்தக் கோப்புறையில் இருப்பவை மதிப்புகளை இட்டு நிரப்பும் டெம்ப்ளேட்டாகக் கருதப்படாமல் உள்ளது உள்ளபடியே கிளஸ்டருக்குப் போகும். முதல் நிறுவலின்போது, மற்ற எல்லாவற்றுக்கும் முன்பாகப் போகும். அதே பெயரில் ஏற்கெனவே ஒன்று இருந்தால் அதைத் தொடாமல் விட்டுவிடும். மேம்படுத்தும்போதும் நீக்கும்போதும் அவற்றின் பக்கமே ஹெல்ம் திரும்பாது. தரவைக் காக்கும் நோக்கில் எடுக்கப்பட்ட இந்த முடிவு சரியானது என்றே நான் கருதுகிறேன். ஆனால், கீழே வரும் சிக்கல்களில் பாதிக்கு மேற்பட்டவை இந்த விதிகளை அறியாமல் சார்ட்டைக் கட்டியதாலோ பயன்படுத்தியதாலோ வருபவை.

எந்த அறிகுறியாக இருந்தாலும் முதலில்

பிழைச் செய்தியைத் தேடத் தொடங்குவதற்கு முன்பாக, இந்த வரையறையைக் கிளஸ்டரில் வைத்தது யார், இனி அதைப் புதுப்பிக்கப் போவது யார் என்ற இரண்டு கேள்விகளுக்கும் விடை காண வேண்டும். ரிலீஸின் மேனிஃபெஸ்டை, அதாவது டெம்ப்ளேட்டுகளை நிரப்பி ஹெல்ம் அனுப்பிய இறுதி வடிவைக் காட்டும் ஹெல்ம் கெட் மேனிஃபெஸ்ட் கட்டளையின் வெளியீட்டில் அந்த சிஆர்டி தென்பட்டால், அது டெம்ப்ளேட்ஸ் கோப்புறையிலிருந்து வந்தது, எனவே ரிலீஸின் ஆயுளோடு கட்டப்பட்டுள்ளது. தென்படாவிட்டால், சிஆர்டிஸ் கோப்புறையிலிருந்தோ வேறொரு சார்ட்டிலிருந்தோ ஒருவர் கையால் இட்ட கட்டளையிலிருந்தோ வந்திருக்க வேண்டும். கிளஸ்டருக்கான கட்டளைக் கருவியான கியூப்சிடிஎல்லின் கெட் கட்டளையுடன் ஷோ-மேனேஜ்டு-ஃபீல்ட்ஸ் என்ற ஃபிளாக்கைச் சேர்த்து அந்த வரையறையை எடுத்துப் பார்த்தால், எந்தக் கருவி எந்தப் புலத்தை எப்போது எழுதியது என்பது தெரியும். அங்கே ஹெல்ம், கியூப்சிடிஎல், கிட் களஞ்சியத்தைக் கிளஸ்டரோடு ஒத்திசைக்கும் ஆர்கோ சிடி ஆகிய மூன்றின் பெயரும் சேர்ந்து காணப்பட்டால், பல கைகள் ஒரே வரையறையை எழுதிக்கொண்டிருக்கின்றன என்று பொருள். எந்தப் பிழையைத் திருத்துவதானாலும் முதலில் அந்தக் கைகளில் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றை விலக்க வேண்டும்.

அறிகுறி: "நோ மேட்சஸ் ஃபார் கைண்ட்" என்று சொல்லி நிறுவல் நின்றுவிடுகிறது

கிளஸ்டருக்கு வரும் கோரிக்கைகளை ஏற்கும் ஏபிஐ சர்வர் இந்த வகையை அறியவில்லை, சிஆர்டியை முதலில் நிறுவுங்கள் என்பதே இச்செய்தியின் பொருள். பெரும்பாலான நேரங்களில், சிஆர்டியும் அதைப் பயன்படுத்தும் தனிப்பயன் வளமும் ஒரே சார்ட்டின் டெம்ப்ளேட்ஸ் கோப்புறையில் அருகருகே இருப்பதுதான் காரணம். ஹெல்ம் வளங்களை வகைப்படி வரிசைப்படுத்தி, சிஆர்டியை முன்னதாகவே அனுப்பும் என்பது உண்மைதான். ஆனால், அனுப்பத் தொடங்கும் முன்பே மேனிஃபெஸ்டில் உள்ள ஒவ்வொரு பொருளின் வகையையும் ஏபிஐ சர்வரிடம் கேட்டுச் சரிபார்த்துவிடுகிறது. அந்தக் கட்டத்தில் சிஆர்டி இன்னும் கிளஸ்டருக்குப் போகவில்லை. ஆகவே வரிசையை எப்படி மாற்றினாலும் பயன் இல்லை.

சிஆர்டிக்கு ப்ரீ-இன்ஸ்டால் ஹூக் என்று குறிக்கும் அனோட்டேஷனை, அதாவது பொருளின் மேல் இடும் குறிப்பைச் சேர்த்துப் பார்ப்பவர்கள் பலர். அதுவும் உதவாது, ஏனெனில் மேற்சொன்ன சரிபார்ப்பு ஹூக்குகள் ஓடுவதற்கும் முன்னதாகவே நடந்து முடிகிறது. மாறாக, தனிப்பயன் வளத்தை போஸ்ட்-இன்ஸ்டால் ஹூக்காக மாற்றினால் நிறுவல் நடந்துவிடும், ஏனெனில் ஹூக்கில் உள்ள பொருள் அதன் முறை வரும்போதுதான் சரிபார்க்கப்படுகிறது. ஆனால் ஹூக்கால் உருவான பொருளை ஹெல்ம் ரிலீஸின் பகுதியாகக் கணக்கில் கொள்வதில்லை. அன்இன்ஸ்டால் செய்யும்போது அது கிளஸ்டரிலேயே தங்கிவிடும். ஆகவே இதை நிலையான தீர்வாகக் கொள்ள வேண்டாம். சிஆர்டியை சிஆர்டிஸ் கோப்புறைக்கு நகர்த்துவது, அல்லது சிஆர்டிக்கென்றே தனிச் சார்ட் கட்டி அதை முதலில் நிறுவுவது என்ற இரண்டில் ஒன்றுதான் சரியான வழி. ஏற்கெனவே பயன்பாட்டில் உள்ள சார்ட்டில் இப்படி நகர்த்துவதில் பெரிய ஆபத்து ஒன்று இருக்கிறது. தரவு அழிவதைப் பற்றிய பகுதியைப் படித்த பிறகே அதில் கைவைக்க வேண்டும்.

சார்ட் சரியாகக் கட்டப்பட்டிருந்தும் இதே செய்தி வருமானால், ட்ரை-ரன் முறையில் ஓட்டுகிறீர்களா என்று பாருங்கள். ட்ரை-ரன்னில் சிஆர்டி உண்மையில் நிறுவப்படுவதில்லை என்பதால், வெறுமையான கிளஸ்டரில் அந்தச் சோதனை தோற்பது இயல்பே. ஹெல்ம் டெம்ப்ளேட் கட்டளையின் வெளியீட்டைக் கியூப்சிடிஎல்லுக்கு அனுப்பும் வழக்கம் உள்ளவர்கள் இன்க்ளூட்-சிஆர்டிஸ் என்ற ஃபிளாக்கைச் சேர்க்க மறந்திருக்கலாம். அது இல்லாமல் சிஆர்டிஸ் கோப்புறை வெளியீட்டில் இடம்பெறாது. சேர்த்திருந்தாலும், சிஆர்டியை ஏற்றுக்கொண்ட அதே நொடியில் ஏபிஐ சர்வர் அந்த வகைக்கான கோரிக்கைகளை ஏற்கத் தொடங்கிவிடுவதில்லை. எஸ்டாப்ளிஷ்டு என்ற நிலை உண்மையாகும் வரை கியூப்சிடிஎல் வெய்ட் கட்டளையால் காத்திருந்துவிட்டு, அதன் பிறகே தனிப்பயன் வளங்களை அனுப்ப வேண்டும்.

இன்னொரு வகை உண்டு. செய்தியில் குறிப்பிடப்படும் வகை சிஆர்டியாகவே இருந்து, பதிப்பு வி1பீட்டா1 என்றிருந்தால், சார்ட் மிகப் பழையது என்று பொருள். சிஆர்டிக்கான அந்தப் பழைய ஏபிஐ பதிப்பை 2021 ஆகஸ்டில் வந்த குபர்னெட்டிஸ் 1.22 நீக்கிவிட்டது. அதற்கு மாற்றான வி1, 1.16 முதலே இருந்து வருகிறது. பதிப்பு எண்ணை மட்டும் மாற்றினால் போதாது. வி1 ஒவ்வொரு பதிப்புக்கும் முழுமையான கட்டமைப்பு ஸ்கீமாவை, அதாவது எந்தெந்தப் புலம் எந்த வகை என்ற விவரத்தைக் கேட்கும், அது இல்லாத வரையறையை ஏற்காது. கையால் எழுதி முயல்வதை விட, மூலக் குறியீட்டிலிருந்து கன்ட்ரோலர்-ஜென் கருவியால் புதிதாக உருவாக்கிக்கொள்வது நல்லது.

அறிகுறி: மேம்படுத்தல் வெற்றி என்கிறது, ஆனால் புதிய அமைப்பு செயல்படவில்லை

அதிகமான நேரத்தை விழுங்குவது இதுதான், ஏனெனில் எங்கும் சிவப்பு எழுத்து தெரியாது. ஹெல்ம் அப்கிரேட் நல்லபடியாக முடிகிறது. ஆபரேட்டரின் புதிய இமேஜ் ஓடத் தொடங்குகிறது. புதிய பதிப்பில் வந்த புலத்தைத் தனிப்பயன் வளத்தில் எழுதியும் பலன் இல்லை. சில நேரங்களில் ஆபரேட்டரின் பாட் திரும்பத் திரும்ப விழுகிறது. அதன் பதிவுகளில், இந்த வகை ஒரு சிஆர்டியாக இருந்தால் தொடங்கும் முன்பே அது நிறுவப்பட்டிருக்க வேண்டும் என்ற பொருளில் ஒரு வரி காணப்படுகிறது. இரண்டுக்கும் மூலம் ஒன்றே: சிஆர்டிஸ் கோப்புறையில் இருக்கும் வரையறைகளை அப்கிரேட் தொடாது, புதிதாகச் சேர்ந்த வரையறையையும் அது நிறுவாது.

உறுதிப்படுத்திக்கொள்ள, ஹெல்ம் ஷோ சிஆர்டிஸ் கட்டளையால் புதிய சார்ட் பதிப்பின் வரையறைகளை எடுத்து, அவற்றைக் கியூப்சிடிஎல் டிஃப் கட்டளைக்குக் கொடுத்துக் கிளஸ்டரில் உள்ளவற்றோடு ஒப்பிடுங்கள். வேறுபாடு தெரிந்தால் அதே வெளியீட்டைக் கியூப்சிடிஎல் அப்ளை கட்டளைக்கு, சர்வர்-சைடு ஃபிளாக்கோடு அனுப்பிப் புதுப்பிக்கலாம். புலங்களின் உரிமை பற்றி மோதல் வந்தால், முன்பு சொன்னபடி யார் உரிமையாளர் என்பதைத் தீர்மானித்த பிறகு, ஃபோர்ஸ்-கான்ஃப்ளிக்ட்ஸ் ஃபிளாக்கைச் சேர்க்கலாம்.

இத்தோடு முடிந்தது என்று எண்ணி விட்டுவிடக் கூடாது. வி1 வரையறையில் ஸ்கீமாவில் இல்லாத புலங்களை ஏபிஐ சர்வர் சேமிக்கும் முன்பே கத்தரித்துவிடும். பழைய வரையறை இருந்தபோது நீங்கள் அனுப்பிய புதிய புலம் சேமிப்பில் எங்கும் இல்லை. வரையறையைப் புதுப்பித்ததால் மட்டும் அது திரும்பி வராது. அந்த வளத்தை மீண்டும் ஒருமுறை அனுப்பியாக வேண்டும். ஆனால் ஹெல்ம் அப்கிரேட்டை மறுபடி ஓட்டினால் போதும் என்று நினைப்பதும் தவறு. டிப்ளாய்மென்ட் போன்ற உள்ளமைந்த வகைகளுக்கு, முந்தைய மேனிஃபெஸ்ட், புதிய மேனிஃபெஸ்ட், கிளஸ்டரின் தற்போதைய நிலை ஆகிய மூன்றையும் ஹெல்ம் 3 ஒப்பிடுகிறது. தனிப்பயன் வளங்களுக்கோ முதல் இரண்டை மட்டுமே ஒப்பிடுகிறது. புலம் கத்தரிக்கப்பட்ட முதல் அப்கிரேட்டின் மேனிஃபெஸ்டிலேயே அந்தப் புலம் இடம்பெற்றுவிட்டதால், இரண்டாம் முறை ஹெல்முக்கு எந்த மாற்றமும் தெரியாது, எதையும் அனுப்பாது. ஒரு முழு மாலை நேரத்தை இந்த ஒரு நுணுக்கத்துக்காகச் செலவிட்டிருக்கிறேன் என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன்: ஹெல்ம் கெட் மேனிஃபெஸ்ட் வெளியீட்டிலிருந்து அந்த வளத்தை மட்டும் பிரித்தெடுத்துக் கியூப்சிடிஎல் அப்ளை செய்யுங்கள், அதன் பிறகு கெட் கட்டளையால் எடுத்துப் பார்த்து, புலம் உண்மையிலேயே அங்கே இருக்கிறதா என்று கண்ணால் உறுதிசெய்யுங்கள்.

இனி இது நேராமலிருக்க, அன்னோன் ஃபீல்டு என்ற எச்சரிக்கை அப்கிரேட்டின் வெளியீட்டில் வருகிறதா என்று தானியங்கித் தொடரிலேயே கவனியுங்கள். வந்தால் அது பிழைக்குச் சமம். வரையறையை முதலில், ஆபரேட்டரை அடுத்து, தனிப்பயன் வளங்களை இறுதியில் என்ற வரிசையை மாற்றாதீர்கள். பின்வாங்க நேர்ந்தாலும் ரோல்பேக் கட்டளை சிஆர்டிஸ் கோப்புறையின் வரையறைகளைப் பழைய நிலைக்குக் கொண்டுபோகாது. புதிய ஸ்கீமா புலங்களைச் சேர்த்திருக்கிறதே தவிர எதையும் எடுக்கவில்லை என்றால், பழைய ஆபரேட்டர் அதன் மேல் தடையின்றி ஓடும்.

ஆர்கோ சிடியைப் போன்ற இன்னொரு கருவியான ஃப்ளக்ஸைப் பயன்படுத்துபவர்கள் ஹெல்ம்ரிலீஸ் வளத்தில் அப்கிரேடுக்கு உரிய சிஆர்டிஸ் புலத்தைப் பார்க்க வேண்டும். அதன் இயல்பு மதிப்பு ஸ்கிப். கிரியேட்-ரீப்ளேஸ் என்று மாற்றினால் வரையறைகளும் புதுப்பிக்கப்படும். ஆர்கோ சிடியில் நிலைமை நேர்மாறானது: அது ஹெல்மை டெம்ப்ளேட் உருவாக்க மட்டுமே பயன்படுத்திவிட்டுத் தானே அனுப்புவதால், ஸ்கிப்-சிஆர்டிஸ் என்று நீங்கள் சொல்லாத வரை ஒவ்வொரு ஒத்திசைவிலும் வரையறைகள் புதுப்பிக்கப்படும். ஒரே சார்ட் இரண்டு இடங்களில் இரண்டு விதமாக நடந்துகொள்கிறது என்று குழம்புபவர்கள் முதலில் இந்த வேறுபாட்டை நினைவில் கொள்ள வேண்டும்.

அறிகுறி: அனோட்டேஷன் மிக நீளம், 262144 பைட்டுக்கு மேல் கூடாது

கியூப்சிடிஎல் அப்ளை, கடைசியாக அனுப்பிய முழு உள்ளடக்கத்தையும் ஓர் அனோட்டேஷனாக அந்தப் பொருளிலேயே எழுதி வைக்கும். கண்காணிப்புக் கருவியான புரோமிதியஸின் ஆபரேட்டருக்குரிய வரையறைகளைப் போலப் பெரியவை அந்த வரம்பைத் தாண்டிவிடுகின்றன. அனோட்டேஷனே எழுதாத சர்வர்-சைடு முறைக்கு மாறுங்கள், குபர்னெட்டிஸ் 1.22 முதல் அது நிலைபெற்ற வசதி. ஆர்கோ சிடியில் சர்வர்-சைடு-அப்ளை என்ற ஒத்திசைவுத் தேர்வை உண்மை என்று வைத்தால் போதும்.

இதை ஒத்த இன்னொரு வரம்பு 1048576 பைட். ரிலீஸின் விவரம் முழுவதையும், சார்ட்டின் கோப்புகள் உட்பட, ஹெல்ம் சுருக்கி, சீக்ரெட் என்ற வகைக் கிளஸ்டர் பொருள் ஒன்றில் சேமிக்கிறது. அந்த சீக்ரெட் 1 எம்பியைத் தாண்டினால் நிறுவல் மறுக்கப்படும். பெரிய வரையறைகளைத் தனிச் சார்ட்டாகப் பிரித்தால் இரண்டு சீக்ரெட்டுகளாகச் சுமை பகிரப்பட்டுவிடும்.

அறிகுறி: உரிமை பற்றிய மெட்டாடேட்டா செல்லாது

சிஆர்டி டெம்ப்ளேட்ஸ் கோப்புறையில் இருந்து, அதே பெயரில் வேறொருவர் வைத்த வரையறை ஏற்கெனவே கிளஸ்டரில் இருந்தால் இச்செய்தி வரும். அந்த வரையறைக்கு, நிர்வகிப்பது ஹெல்ம் என்று சொல்லும் லேபிளையும், ரிலீஸின் பெயரையும் நேம்ஸ்பேஸையும் சொல்லும் இரண்டு அனோட்டேஷன்களையும் இட்டால் ஹெல்ம் அதைத் தன்னுடையதாக ஏற்கும். ஹெல்ம் 3.17 முதல் டேக்-ஓனர்ஷிப் என்ற ஃபிளாக்கும் இதற்கென்றே உள்ளது. செய்வது எளிது, செய்யலாமா என்பதே கேள்வி. அந்த வரையறை மற்றொரு குழுவின் ரிலீஸுக்கு உரியதாக இருந்தால், இன்று நீங்கள் எடுத்துக்கொள்வீர்கள், அவர்களுடைய ரிலீஸும் அதைத் தன்னுடையதாகவே தொடர்ந்து கருதும். இரு ரிலீஸ்களும் ஒரே வரையறையை நம்பியிருந்தால், அதை இரண்டிலிருந்தும் பிரித்து மூன்றாவதாக ஒரு சிஆர்டி சார்ட்டில் வைப்பதே நீடிக்கும் ஏற்பாடு.

அறிகுறி: சிஆர்டியை உருவாக்க அனுமதி இல்லை

ஒரு நேம்ஸ்பேஸுக்கு மட்டும் உரிமை பெற்ற பயனரிடம் இது வரும். கிளஸ்டர் நிர்வாகி முன்பே சிஆர்டியை நிறுவிவிட்டாரே, பிறகும் ஏன் என்று கேட்பார்கள். ஹெல்ம் முதலில் உருவாக்க முயன்று, ஏற்கெனவே உள்ளது என்ற பதில் கிடைத்தால்தான் விட்டுவிடும். அனுமதி இல்லாதவருக்கு அந்தப் பதிலே கிடைப்பதில்லை, அதற்கு முன்பே மறுப்பு வந்துவிடுகிறது. ஸ்கிப்-சிஆர்டிஸ் ஃபிளாக்கைச் சேர்த்து நிறுவினால் தீரும்.

அறிகுறி: சார்ட்டை நீக்கியபோது தனிப்பயன் வளங்கள் எல்லாம் மறைந்துவிட்டன

மறைந்த பின் மீட்க ஹெல்மிடம் வழி கிடையாது. கிளஸ்டரின் தரவுக் கிடங்கான எட்சிடியின் காப்புநகலோ கிட் களஞ்சியத்தில் உள்ள யாமல் கோப்புகளோ இருந்தால்தான் உண்டு. ஆகவே இந்தப் பகுதியை நேர்வதற்கு முன்பே படிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

டெம்ப்ளேட்ஸ் கோப்புறையில் சிஆர்டி இருந்தால் மூன்று வழிகளில் அது அழிக்கப்படலாம். அன்இன்ஸ்டால் செய்வது முதலாவது. சிஆர்டியைச் சேர்க்கலாமா என்று தீர்மானிக்கும் மதிப்பை உண்மையிலிருந்து பொய்யாக மாற்றி அப்கிரேட் செய்வது இரண்டாவது. இந்த முறை மேனிஃபெஸ்டில் இல்லை என்பதால் ஹெல்ம் அதை நீக்கிவிடும். மூன்றாவதுதான் நல்லெண்ணத்தால் வருவது: சார்ட்டைத் திருத்தி எழுதும் ஒருவர், சிஆர்டி இருக்க வேண்டிய இடம் சிஆர்டிஸ் கோப்புறை என்று படித்துவிட்டு அங்கே நகர்த்துகிறார். பயனர் அப்கிரேட் செய்கிறார். பழைய மேனிஃபெஸ்டில் இருந்த சிஆர்டி புதியதில் இல்லை, எனவே நீக்கப்படுகிறது. சிஆர்டிஸ் கோப்புறை அப்கிரேடில் கவனிக்கப்படுவதில்லை, எனவே மீண்டும் நிறுவப்படுவதும் இல்லை. அத்தனை நேம்ஸ்பேஸ்களிலும் அந்த வகை வளங்கள் ஒரே நொடியில் போய்விடுகின்றன.

காப்பு, ஹெல்மின் ரிசோர்ஸ்-பாலிசி என்ற அனோட்டேஷனுக்குக் கீப் என்ற மதிப்பைத் தருவது. இதை எங்கே தருகிறோம் என்பது முக்கியம். அப்கிரேடின்போது கிளஸ்டரில் உள்ள பொருளின் அனோட்டேஷனை ஹெல்ம் பார்க்கும். ஆனால் அன்இன்ஸ்டாலின்போது, ரிலீஸில் சேமித்த மேனிஃபெஸ்டை மட்டுமே பார்க்கும். ஆகவே, கியூப்சிடிஎல் அனோட்டேட் கட்டளையால் அவசரமாக இட்டுவிட்டு அன்இன்ஸ்டால் செய்தால் தரவு போய்விடும். சார்ட்டிலேயே அனோட்டேஷனைச் சேர்த்து, அந்தப் பதிப்புக்கு ஒருமுறை அப்கிரேட் செய்து, ஹெல்ம் கெட் மேனிஃபெஸ்டில் அது தெரிகிறதா என்று பார்த்துவிட்டு, அதற்கு அடுத்த பதிப்பில்தான் இடம் மாற்றவோ நீக்கவோ வேண்டும். சான்றிதழ்களை நிர்வகிக்கும் ஆபரேட்டரான செர்ட்-மேனேஜர், 2024-இல் வந்த 1.15 பதிப்பில், இன்ஸ்டால்-சிஆர்டிஸ் என்ற பழைய மதிப்புக்குப் பதிலாக எனேபிள்டு, கீப் என்ற இரண்டு மதிப்புகளைக் கொண்டுவந்து, கீப் என்பதை இயல்பாகவே உண்மை என்று வைத்தது. டெம்ப்ளேட்ஸில் சிஆர்டி வைக்க விரும்பும் ஒவ்வொரு சார்ட்டும் பின்பற்ற வேண்டிய முன்மாதிரி அது.

அழிவின் பின்விளைவு ஆபரேட்டருக்கு ஆபரேட்டர் வேறுபடும் என்பதையும் மதிப்பிட வேண்டும். செர்ட்-மேனேஜரின் சான்றிதழ் வளங்கள் போனாலும், இயல்பான அமைப்பில் அவை உருவாக்கிய சீக்ரெட்டுகள் தங்கிவிடும். தளங்கள் ஓடிக்கொண்டிருக்கும், ஆனால் புதுப்பித்தல் நின்றுபோனது காலாவதி நாளில்தான் தெரியவரும். புரோமிதியஸ் வளம் போனால் அதற்குரிய ஸ்டேட்ஃபுல்செட்டும் சேர்ந்து போய்விடும், வால்யூம் கோரிக்கைகள் பெரும்பாலும் தங்கும். தரவுத்தள ஆபரேட்டர்களில் சில, வளத்தோடு வட்டுகளையும் நீக்கிவிடும்படி அமைக்கப்பட்டிருக்கலாம். உங்களுடையது எந்த வகை என்பதை இன்றே பார்த்து வையுங்கள்.

இதன் மறுபக்கம், சிஆர்டி நீங்காமல் டெர்மினேட்டிங் நிலையிலேயே நின்றுவிடுவது. வரையறையை நீக்கும் முன் அதன் வளங்கள் எல்லாம் நீங்க வேண்டும் என்பதற்காக ஏபிஐ சர்வர் அதன் மேல் ஒரு ஃபைனலைசரை, அதாவது தான் அகற்றப்படும் வரை நீக்கத்தைத் தடுக்கும் குறியை வைத்திருக்கிறது. அந்த வளங்களின் மேல் ஆபரேட்டர் வைத்த ஃபைனலைசர்கள் இருக்கின்றன; ஆபரேட்டரையோ நீங்கள் முன்பே நீக்கிவிட்டீர்கள், எடுத்துவிட ஆள் இல்லை. ஆபரேட்டரைத் திரும்ப நிறுவி, அது தன் வேலையை முடிக்க விடுவதே முறையான தீர்வு. அது முடியாதபோது மட்டும், ஒவ்வொரு வளத்தின் ஃபைனலைசரையும் பேட்ச் கட்டளையால் அகற்றலாம். அப்படிச் செய்தால், கிளவுடில் உருவாக்கப்பட்ட லோடு பேலன்சர், வட்டு போன்றவை யாரும் துடைக்காமல் எஞ்சி நிற்கும், அவற்றுக்குக் கட்டணமும் ஏறும். சிஆர்டியின் மேல் உள்ள ஃபைனலைசரை மட்டும் எந்நிலையிலும் கையால் எடுக்காதீர்கள். வரையறை போய்விடும், வளங்கள் எட்சிடியில் அநாதையாக நிற்கும், அதே வரையறையை மீண்டும் நிறுவும் நாளில் அவை உயிர்பெற்று எழும்.

அறிகுறி: சேமித்த பதிப்புகளில் உள்ளது, வரையறையிலும் இருக்க வேண்டும்

வி1ஆல்ஃபா1 போன்ற பழைய பதிப்பை வரையறையிலிருந்து எடுத்துவிட்டுப் புதிய சிஆர்டியை அனுப்பும்போது, ஸ்டோர்டு-வெர்ஷன்ஸ் என்ற நிலைப் புலத்தைச் சுட்டி ஏபிஐ சர்வர் மறுக்கும். இதுவரை எந்தெந்தப் பதிப்பு வடிவில் பொருள்கள் எட்சிடியில் எழுதப்பட்டன என்ற பட்டியல் அது. பதிப்பை நீங்கள் மாற்றியிருந்தாலும், பழைய பொருள்கள் மீண்டும் எழுதப்படும் வரை பழைய வடிவிலேயே கிடக்கின்றன. பட்டியலும் தானாகச் சுருங்காது.

முதலில் இரண்டு பதிப்புகளிலும் கோரிக்கைகளை ஏற்கும், புதியதைச் சேமிப்புப் பதிப்பாகக் கொண்ட வரையறையை நிறுவுங்கள். அடுத்து, அந்த வகையின் எல்லாப் பொருள்களையும் எல்லா நேம்ஸ்பேஸ்களிலிருந்தும் எடுத்து, மாற்றமின்றித் திரும்ப எழுதுங்கள். எழுதும்போதே அவை புதிய வடிவுக்கு மாறும். அதன் பிறகு, கியூப்சிடிஎல் பேட்ச் கட்டளையில் சப்ரிசோர்ஸ் ஃபிளாக்கால் நிலைப் பகுதியைக் குறிப்பிட்டு, பட்டியலில் புதிய பதிப்பை மட்டும் விடுங்கள். இந்த ஃபிளாக் 1.24 முதல் கிடைக்கிறது. இப்போது பழைய பதிப்பை எடுத்த வரையறை ஏற்கப்படும். இரண்டாம் படியைத் தாண்டிவிட்டு மூன்றாவதைச் செய்யும் சோதனைக்கு ஆளாகாதீர்கள்: மறுப்பு நின்றுவிடும், ஆனால் பழைய வடிவில் கிடக்கும் பொருள்களைப் படிக்கவே முடியாமல் போகும்.

சார்ட் கட்டுபவர் இந்த மாற்றத்தைக் குறைந்தது இரண்டு வெளியீடுகளாகப் பிரிக்க வேண்டும். செர்ட்-மேனேஜர் அவ்வாறே செய்தது: 1.6 பதிப்பில் பழைய ஏபிஐ பதிப்புகளில் கோரிக்கைகளை ஏற்பதை நிறுத்தி, 1.7 பதிப்பில் வரையறையிலிருந்தே எடுத்தது. இடையில் பொருள்களை மாற்றித் தரத் தன் கட்டளைக் கருவியில் ஒரு கட்டளையையும் கொடுத்தது.

பழைய பதிப்பு போன பிறகு, ஹெல்ம் அப்கிரேட் "தற்போதைய ரிலீஸ் மேனிஃபெஸ்டிலிருந்து" பொருள்களை உருவாக்க முடியவில்லை என்று சொல்லி நிற்கக்கூடும். உங்கள் புதிய சார்ட்டில் குறை இல்லை. முந்தைய ரிலீஸைச் சேமித்த சீக்ரெட்டுக்குள் பழைய பதிப்பின் பெயர் இருக்கிறது, அதை ஒப்பிடுவதற்காக ஹெல்ம் தேடுகிறது. மேப்கியூப்ஏபிஐஸ் என்ற ஹெல்ம் பிளகின், எந்தப் பெயர் எதுவாக மாறியது என்ற பட்டியலைக் கொடுத்தால், அந்தச் சேமிப்பைத் திருத்தித் தரும்.

அறிகுறி: டெம்ப்ளேட்ஸ் கோப்புறைக்கு மாற்றியதும் செயற்கூறு (ஃபங்ஷன்) வரையறுக்கப்படவில்லை என்கிறது

வரையறையின் விளக்க வாக்கியங்களுக்குள் இரட்டை வளைவடைப்புகள் இருக்கின்றன. ஹெல்ம் அவற்றைத் தன் டெம்ப்ளேட் மொழியாகப் படிக்க முயல்கிறது. எச்சரிக்கை வார்ப்புருக்கள் பற்றிப் பேசும் ஸ்கீமாக்களில் இது வழக்கம். அந்த அடைப்புகளை ஹெல்முக்கு வெறும் சரமாகத் தோன்றும்படி மாற்றி எழுத வேண்டும். விளக்கங்களே வேண்டாமென்றால், உருவாக்கும்போதே அவற்றை விட்டுவிடும்படி கன்ட்ரோலர்-ஜென்னிடம் சொல்லலாம், அளவும் குறையும்.

அறிகுறி: கன்வர்ஷன் வெப்ஹூக் தோற்றது என்று சொல்லி, பட்டியலிடுவதே நின்றுவிடுகிறது

ஒரு பதிப்பை மற்றொன்றாக மாற்றித் தர, ஏபிஐ சர்வர் அழைக்கும் தனிச் சேவையான வெப்ஹூக்கை நம்பும் சிஆர்டியில், அந்த வெப்ஹூக் விழுந்தால் அந்த வகையைப் படிப்பது, எழுதுவது, அது இருக்கும் நேம்ஸ்பேஸை நீக்குவது எல்லாம் சேர்ந்து முடங்கும். சிஆர்டிஸ் கோப்புறையில் டெம்ப்ளேட் வேலை செய்யாது என்பதால், வெப்ஹூக் சர்வீஸின் நேம்ஸ்பேஸ் அதில் நிலையாக எழுதப்பட்டிருக்கும்; பயனர் வேறு நேம்ஸ்பேஸில் நிறுவினால், இல்லாத சர்வீஸை ஏபிஐ சர்வர் தேடிக்கொண்டிருக்கும். இத்தகைய வரையறையை மட்டும், கீப் அனோட்டேஷனோடு, தனிச் சார்ட்டின் டெம்ப்ளேட்ஸ் கோப்புறையில் வைப்பதையே நான் பரிந்துரைப்பேன்.

சர்வீஸின் பெயர் சரியாக இருந்து, சான்றிதழ் அறியாத அதிகாரத்தால் கையெழுத்திடப்பட்டது என்று வந்தால், எந்தச் சான்றிதழ் அதிகாரத்தை நம்பலாம் என்று சொல்லும் சிஏ-பண்டில் புலத்தைப் பாருங்கள். செர்ட்-மேனேஜரின் சிஏ-இன்ஜெக்டர் நிரப்பிய அந்தப் புலத்தை, ஒவ்வொரு முறையும் வெற்றுப் புலத்தோடு வரையறையை அனுப்பும் வேறொரு கருவி துடைத்துக்கொண்டிருக்கலாம். ஆர்கோ சிடியில் அந்தப் புலத்தை வேறுபாட்டுக் கணக்கிலிருந்தும் ஒத்திசைவிலிருந்தும் விலக்கி வைக்க வேண்டும். இணைப்பே நேர அளவு கடந்து தோற்குமானால், ஏபிஐ சர்வர் ஓடும் கண்ட்ரோல் பிளேனிலிருந்து வெப்ஹூக் பாட் கேட்கும் போர்ட்டுக்கு வழி இருக்கிறதா என்று பாருங்கள். கூகுள் ஜிகேஇ-யின் தனியார் கிளஸ்டர்களில் 443, 10250 ஆகிய போர்ட்டுகள் மட்டுமே இயல்பாகத் திறந்திருக்கும். வேறு போர்ட்டில் கேட்கும் வெப்ஹூக்குக்கு ஃபயர்வால் விதி ஒன்றைத் தனியாகச் சேர்க்க வேண்டும், அல்லது வெப்ஹூக்கையே அந்த இரண்டில் ஒன்றுக்கு மாற்ற வேண்டும்.